கடையில் தேங்கும் சரக்கை இல்லங்களுக்குக் கொடுக்கலாமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அப்பா காலத்து மளிகைக்கடையை மினி மார்க்கெட்டாக மாற்றி நடத்துகிறார். மாதக் கடைசியில் தேதி நெருங்கிய சரக்கு நாலைந்து பெட்டி தேங்குகிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை. வயசானவர்களும் ஆதரவில்லாத பிள்ளைகளும் தங்குகிற பக்கத்துத் தொண்டு இல்லத்துக்குக் கொடுக்கலாமா, சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் தன் தலையில் விடியுமா, வரியில் ஏதாவது கழியுமா, மாமாவின் இரும்புக்கடையில் கிடக்கும் பெயிண்ட், குழாய் சாமான்களையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். இந்த வட்டாரத்தில் கடைக்காரர்களுக்கும் இல்லங்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கும் நடுவில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கொடுக்கலாம். சட்டமும் இடம் தருகிறது. ஆனால் என்ன கொடுக்கிறோம் என்பதைவிட எப்போது கொடுக்கிறோம், எந்த வாசலில் இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, நம் ஊரில் பெரும்பாலான கடைக்காரர்கள் இரண்டிலும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் நாள். தேதி முடிய மூன்று நாள் இருக்கும்போது பத்துப் பெட்டி பிஸ்கட்டைக் கொண்டுபோய் இறக்கினால், 40 பேர் இருக்கிற இல்லத்தில்கூட அது தீராது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்கள், சொன்னால் அடுத்த முறை நீங்கள் வரமாட்டீர்களோ என்ற பயம். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அவர்களே குப்பைக்குக் கட்டி எடுத்துப்போவார்கள், லோரிக்கூலியும் அவர்களுடையது. ஆக, நீங்கள் செய்ய வேண்டிய வேலையை வயசான ஒரு சமையல்கார அம்மா செய்கிறார். இதைத் தவிர்க்க ஒரே வழி, மாதம் ஒரு நாள் அலமாரியைச் சுற்றி வந்து, ஆறு அல்லது எட்டு வாரத்தில் தேதி முடிகிற சரக்கைத் தனியாக எடுத்து வைப்பது. அந்த நேரத்தில் அது இன்னும் விற்கக்கூடிய சரக்குதான், அதனால்தான் கை வராது. அங்கே ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும்: இதில் பாதி விற்கும், பாதி விற்காது, அந்தப் பாதி இப்போதே போகட்டும் என்று.

அதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, சப்ளையர் திருப்பி எடுப்பாரா என்பது. சில கம்பெனி சேல்ஸ்மேன்கள் தேதி முடிய இத்தனை மாதம் இருந்தால் மாற்றித் தருவார்கள், சிலர் தேதி முடிந்ததையும் எடுத்துக்கொண்டு கிரெடிட் நோட் போடுவார்கள். ரொட்டியை எடுத்துக்கொண்டால், கடையில் விற்காத பாக்கெட்டைப் பெரும்பாலும் வேன்காரரே மறு ரவுண்டில் எடுத்துப்போகிறார். அப்படித் திருப்பி எடுக்கிற சரக்கை நீங்களாக யாருக்கும் கொடுத்துவிட்டுக் கணக்கும் கேட்க முடியாது, இரட்டைக் கணக்காகிவிடும். ஆனால் வேன்காரரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். "நாளைக்குத் தேதி முடிகிற இந்த எட்டுப் பாக்கெட்டை இன்றைக்கே இல்லத்துக்கு விட்டுவிட்டுப் போகலாமா" என்று கேட்டால், மேலிடத்தில் பேசிவிட்டுச் சரி என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். முடியவே முடியாது, வெட்டிப் போடத்தான் உத்தரவு என்றவர்களும் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இரண்டாவது, பாதி விலைக்கு விற்றுப் பாருங்கள். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், தர்மம் பேசும் இடத்தில் வியாபாரம் பேசுகிறானே என்று. என் அனுபவத்தில் தோட்டத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இலவசத்துக்குக் கை நீட்டக் கூச்சப்படுகிறவர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கூடை வைத்து, 'தேதி கிட்ட, பாதி விலை' என்று எழுதி, தேதியை மறைக்காமல் வையுங்கள். சம்பளத்துக்கு முந்தின வாரம் அந்தக் கூடை காலியாகிவிடும். அதிலும் மிஞ்சுவதுதான் கொடுக்க வேண்டிய சரக்கு.

இப்போது சட்டம். 2020-ல் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது, 826-ஆம் சட்டம். அதன் சாரம் இவ்வளவுதான்: நல்லெண்ணத்தோடு, தர்ம காரியத்துக்காகவோ இலவசமாகப் பங்கிடுவதற்காகவோ கொடுத்த உணவைச் சாப்பிட்டு ஒருவருக்கு உடம்புக்கு வந்தால், கொடுத்தவர்மேல் சிவில் பொறுப்பு விழாது. ஆனால் உங்கள் கையைவிட்டுப் போகும்போது அது சாப்பிடத் தகுந்ததாக இருந்திருக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும், எத்தனை நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் வாங்குகிறவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தே கெட்டுப்போனதைத் தள்ளிவிட்டால் இந்தச் சட்டம் குடை பிடிக்காது, 1983 உணவுச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரான்சில் 2016-லிருந்து 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் விற்காத உணவைக் கொடுப்பதற்கு ஒரு தொண்டு அமைப்போடு ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும். நம் நாட்டில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. கொடுப்பவரின் பயத்தைப் போக்குவதோடு 826 நின்றுவிடுகிறது.

நடைமுறையில் இதற்கு ஒரு தாள் போதும். சாமான் பெயர், எண்ணிக்கை, தேதி, 'குளிர்பெட்டியில் வைக்கவும்' மாதிரி ஒரு வரி, கொடுத்த நாள், வாங்கியவர் கையெழுத்து. இரண்டு பிரதி, ஒன்று உங்களுக்கு ஒன்று அவர்களுக்கு. கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாலும் சரி. பின்னால் பேச்சு வந்தால் இந்தத் தாள்தான் பேசும்.

தேதியைப் பற்றி ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வருகிறது. நம் பாக்கெட்டுகளில் சிலவற்றில் 'தாரிக் லுப்புட்' (காலாவதித் தேதி) என்று மலாயில் இருக்கும், சிலவற்றில் 'பாயிக் செபெலும்' (இந்த நாளுக்கு முன் நல்லது) என்று இருக்கும். முதலாவது முடிந்தால் கதை முடிந்தது. இரண்டாவது, அந்த நாளுக்குப் பிறகு ருசியும் மொறுமொறுப்பும் குறையலாம் என்கிற கணக்கு, உடனே விஷமாகிவிடாது. வீட்டில் நீங்கள் சாப்பிடுவதானால் உங்கள் இஷ்டம். இல்லத்துக்கு என்றால் இரண்டில் எது முடிந்திருந்தாலும் கொடுக்காதீர்கள். அங்கே இருப்பவர்கள் நீரிழிவுக்காரர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், சின்னப் பிள்ளைகள். அவர்களிடம் தேதி முடிந்த பாக்கெட் போவது மரியாதையும் இல்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் அதை நீட்டுவீர்களா?

டின் விஷயத்தில் கொஞ்சம் கண் வேண்டும். பக்கத்தில் லேசாக நசுங்கிய சார்டின் டின் பரவாயில்லை. விளிம்பிலோ ஒட்டுப்போட்ட மடிப்பிலோ நசுங்கியிருந்தால், மேல்மூடி உப்பியிருந்தால், துரு பிடித்துக் கசிந்தால் குப்பைதான், யோசிக்கவே வேண்டாம். எலி கடித்த அரிசி மூட்டையை மேலாகத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. எலி கடித்த இடம் தெரியும், மூத்திரம் போன இடம் தெரியாது, எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்லை. வண்டு விழுந்த மாவும் வேண்டாம். விரிசல் விட்ட முட்டையை மலிவாகக் கொடுப்பதும் வேண்டாம். மருந்து மாத்திரை எதையும் இந்த வழியில் கொடுக்காதீர்கள், அதற்கு மருந்தகத்துக்காரர் இருக்கிறார், சட்டமும் தனி. குழந்தைப் பால்மாவு என்றால் தேதி, சீல் இரண்டும் சுத்தமாக இருந்து இல்லமே கேட்டால் மட்டும்.

அடுத்தது எந்த வாசல். இதில்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

திடக்கழிவுக் கழகமான எஸ்டபிள்யூகார்ப் சொல்லும் கணக்கில் நாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது, அதில் 4,000 டன் அளவுக்கு இன்னும் சாப்பிடத் தகுந்தது. கேட்கத் தலை சுற்றும். ஆனால் அந்த மலையில் பெரும்பகுதி நகரத்து ஹோட்டல், பஃபே, நோன்பு மாதத்து பஸார், பேரங்காடி, வீட்டுச் சமையலறை. அதைப் பிடிக்க அங்கே ஆட்களும் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் 2016-லிருந்து தி லாஸ்ட் ஃபூட் புரொஜெக்ட் பேரங்காடிகளிடம் வாங்கித் தொண்டு இல்லங்களுக்குக் கொண்டுபோகிறது, கெச்சாரா சூப் கிச்சன் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது, அரசாங்கம் 2018 கடைசியில் ஃபூட் பேங்க் மலேசியா திட்டத்தைத் தொடங்கி அதற்கு ஓர் அறவாரியமும் வைத்தது. எல்லாம் நல்ல வேலை. ஆனால் உங்கள் நாலு பெட்டிக்காக 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு லோரி வராது, வந்தால் டீசல் காசுக்குக் கட்டாது. தோட்டத்து ஊரில் மிஞ்சுவது கடைக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது. அதை ஊருக்குள்ளேயே ஒருவர் சேர்த்து ஊருக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும். பஜார் தெருவில் மூன்று நான்கு கடைக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் போதும். ஒருவருடைய பிக்கப், ஒரே நாள், ஒரே பாதை.

அப்படிக் கொடுப்பதிலும் என்ன நடக்கிறது என்றால், மெயின் ரோட்டில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் இல்லத்துக்கே எல்லாம் போய்ச் சேர்கிறது. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் அங்கே போய்ப் பாருங்கள். வங்கிக்காரர்கள் ஒரு பக்கம், கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பக்கம், அரசியல் கட்சி ஒரு பக்கம், கார் நிறுத்த இடம் இருக்காது. ஓர் இல்லத்தின் ஸ்டோர் ரூமை நான் பார்த்தேன். தகரக் கூரை வரைக்கும் கெட்டிப்பால் டின், அதற்குப் பக்கத்தில் மைலோ பாக்கெட்டுகள், க்ரீம் கிராக்கர் டின்கள் மூன்று வரிசை, கீழே முறுக்கு நொறுங்கிக் கிடந்த ஹேம்பர் கூடைகள், அந்த ஜிகினா தாள் அப்படியே. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. என்ன வேண்டும் அம்மா என்று கேட்டதற்கு, நிர்வாகம் பார்க்கிற அந்த அம்மா ஸ்டோரைப் பார்க்காமல் துணி காய்கிற கொடியைப் பார்த்துச் சொன்னார்: "பெரியவங்க போடுற பேம்பர்ஸ், எல் சைஸ். அப்புறம் துணி சோப்பு. முடிஞ்சா முட்டை."

அந்த மூன்றும் எந்த ஹேம்பரிலும் வருவதில்லை. 2025 ஆகஸ்டில் முட்டைக்கு அரசு மானியம் நின்ற பிறகு முட்டையை எண்ணித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பேம்பர்ஸோ மாதச் செலவில் பெரிய துண்டைத் தின்றுவிடும். உங்கள் கடையில் பிளாஸ்டிக் உறை கிழிந்துபோன பேம்பர்ஸ் கட்டு, ஒரு பக்கம் ஒழுகி லேபிள் கறைபட்ட சோப்புத் தண்ணி, பாட்டில் மூடி உடைந்த ஷாம்பு இதெல்லாம் கண்டிப்பாக இருக்கும், விற்பனைக்கு வைக்கமாட்டீர்கள். அதை முதலில் கொடுங்கள். தேதிப் பிரச்சினையும் இல்லை, சட்டப் பயமும் இல்லை. எதையும் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, எத்தனை பேர், எத்தனை பேர் சைவம், முஸ்லிம்கள் இருக்கிறார்களா, ஹலால் வேண்டுமா, இப்போது எது கைவசம் நிறைய இருக்கிறது என்று கேளுங்கள். 'எது வேண்டும்' என்று மட்டும் கேட்டால் எது கொடுத்தாலும் சந்தோஷம் என்றுதான் பதில் வரும், 'எது நிறைய இருக்கிறது' என்றால் உண்மை வரும். புரட்டாசி மாதம் முழுக்கச் சைவமாக இருக்கும் இல்லத்துக்கு அப்போது சார்டின் பெட்டி கொண்டுபோவதில் அர்த்தமில்லை. வருகிறவர்கள் கூட்டம் தைப்பூசத்தோடு வடிந்துவிடும், மாசியிலிருந்து ஆடி வரைக்கும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் முறையை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இல்லங்களை விடுங்கள். டவுனிலிருந்து உள்ளே போனால் எல்பில், கமுனிங் பக்கமும் லிந்தாங், லாசா ரோட்டுப் பக்கமும் பலகை இல்லாத வீடுகள் இருக்கின்றன. தோட்டம் கைமாறி, பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்த பிறகும் பழைய லயத்திலோ பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) வீட்டிலோ தங்கிவிட்ட வயசானவர்கள். பிள்ளைகள் ஈப்போ, ஷா ஆலாம், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். இதில் சிலரிடம் இன்றைக்கும் சிவப்பு அடையாள அட்டைதான். இங்கேயே பிறந்து இங்கேயே பால் வெட்டியவர்கள், ஆனால் நீல அட்டை இல்லாததால் குடிமக்களுக்கு என்று வருகிற உதவித்தொகை எதுவும் கைக்கு எட்டாது. எந்த அமைப்பின் பட்டியலிலும் பெயர் இருக்காது. இவர்களுக்குப் போகிற ஒரு கிலோ பருப்புக்கும் நிறைந்த ஸ்டோருக்குப் போகிற ஒரு பெட்டி பிஸ்கட்டுக்கும் என் கண்ணில் ஒப்பே இல்லை.

அவர்களை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். கல்லா டிராயரைத் திறந்து கடன் கணக்கு எழுதுகிற உங்கள் 555 புத்தகத்தை எடுங்கள். யார் முன்பெல்லாம் மாதம் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) சாமான் வாங்கி இப்போது அறுபதுக்கு வாங்குகிறார், யார் மீன் டின்னை விட்டுவிட்டு அப்பளமும் ஊறுகாயும் எழுதிக்கொள்கிறார், யாருடைய கணக்கில் நாலு மாதமாகக் கோடு விழவில்லை, எல்லாம் அதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. சமூக நல இலாகாவிடம்கூட இவ்வளவு சுத்தமான விவரம் இருக்காது. ஒன்று மட்டும் கவனம், கொடுக்கிற சாமானையும் அந்தக் கடனையும் கலக்காதீர்கள். கடன் வாங்கியவருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் பாக்கி கேட்டால் கொடுத்ததே ஒரு நெருக்குதலாகிவிடும். நேராக நீங்கள் நீட்டாமல், கோயில் கமிட்டி ஆள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் ஓர் அக்கா, பள்ளி வேன் ஓட்டுகிறவர் என்று ஊருக்குத் தெரிந்த ஒருவர் கையால் போவது நல்லது. யார் கொடுத்தது என்று ஊரில் எப்படியும் தெரிந்துவிடும், அது வேறு விஷயம். பள்ளிக்கூடத்துக்குள் உணவுப் பொருள் கொண்டுபோவதாக இருந்தால் தலைமையாசிரியரைக் கேட்காமல் போகாதீர்கள்.

சமைத்த சாப்பாட்டைப் பற்றித் தம்பி கேட்கவில்லை, ஆனால் மினி மார்க்கெட்டுக்குப் பின்னால் கேட்டரிங்கும் எடுப்பதாக எழுதியிருப்பதால் சொல்லிவிடுகிறேன். டேவானில் (மண்டபத்தில்) கல்யாணம், ஆயிரம் பேருக்குச் சமையல், எழுநூறு பேர் வந்தார்கள், மூன்று அண்டா பீஹூனும் கோழிக்கறியும் மிச்சம். இரவு பத்தரை மணிக்கு இல்லத்துக்குப் போன் போடுகிறார்கள். அங்கே எல்லோரும் எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுத்தாகிவிட்டது. மறுநாள் காலையில் சூடு பண்ணிப் போடலாம் என்று வாங்கி வைத்தால், நம் ஊர் வெக்கையில் தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு விடிவதற்குள் நுரைத்துவிடும். சமைத்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொல்வதைக் கேட்டரிங்காரர்களுக்கே சொல்லித் தரத் தேவையில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் நிற்கிற சாப்பாட்டில்தான் கிருமி பெருகும். மாலை ஆறு மணிக்கு இறக்கிய அண்டா பத்தரைக்குத் தன் நேரத்தைத் தாண்டிவிட்டது, அது எவ்வளவு மணமாக இருந்தாலும்.

இதற்கு ஒரு கேட்டரிங் நடத்துகிற அண்ணன் செய்கிற முறை எனக்குப் பிடிக்கும். பந்திக்குப் போகாத அண்டாவின் மூடியைத் திறக்கவே மாட்டார். மூடிமேல் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் இறக்கிய மணியை எழுதியிருப்பார். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி எழுந்திருக்கும்போதே தலை எண்ணிவிட்டு, இந்த அண்டா வேண்டியிருக்காது என்று முடிவு பண்ணி, எட்டு மணிக்கு முன்னால் வண்டியில் ஏற்றிவிடுவார். கல்யாண வீட்டாரிடம் முன்பணம் வாங்கும்போதே இதைப் பேசிவிடுவதால் அங்கேயும் முணுமுணுப்பு இல்லை. பந்தியில் கரண்டி போட்ட தட்டு, பஃபேயில் ஊர் கை பட்ட டிரே இதெல்லாம் அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. சோறு, ரசம், வறுத்த கோழி பரவாயில்லை, தயிர்ச் சாதமும் கூட்டும் வேண்டாம் என்பது அவர் கணக்கு. உங்கள் சமையலறை ஆட்களுக்கு உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு ஊசியும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அது நன்கொடைக்காக வந்த விதி இல்லை, எப்படியும் இருக்க வேண்டியது.

போலிகளைப் பற்றி. கையில் ஒரு ஃபைல், கழுத்தில் ஓர் அட்டை, கிழிந்த சட்டைப் பிள்ளைகளின் படம், 'அங்கிள், எங்க ஹோமுக்கு ஏதாவது' என்று பஜாரில் கடை கடையாக ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் திருடர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் வாசலில் வைத்து எதையும் கொடுக்காதீர்கள். நாலு பேர், அதற்கு மேல் தங்கிப் பராமரிக்கப்படுகிற இடம் என்றால் 1993 பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கும். சங்கமாக இருந்தால் சங்கப் பதிவு இலாகாவின் எண் இருக்கும். சாமானை நாங்களே கொண்டுவந்து தருகிறோம், முகவரி சொல்லுங்கள் என்று கேட்டாலே பாதிப் பேர் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்கள். உண்மையில் நல்லபடி நடத்தியும் பதிவு இன்னும் கிடைக்காத சின்ன இடங்களும் உண்டு, தீயணைப்பு இலாகா அனுமதி, கட்டட அனுமதி என்று இழுத்துக்கொண்டே போகும். அப்படி இருந்தால் ஒரு முறை உள்ளே போய்ச் சமையலறையையும் கழிவறையையும் பாருங்கள், அதற்கு மேல் உங்கள் மனசு. கொடுத்த சாமான் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்பனைக்கு வந்த கதையும் நடந்திருக்கிறது. பெட்டியிலும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் தடித்த மார்க்கரால் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதிவிட்டால் அந்த வேலை நிற்கும். தேதிமேல் எழுதிவிடாதீர்கள்.

படம் எடுக்கும் வியாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேனர் பிடித்து, பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்து, கடைப் பெயர் தெரிய ஒரு படம், அது அன்று மாலையே ஃபேஸ்புக்கில். 2001 சிறார் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பாதுகாப்பிலும் பராமரிப்பிலும் வைக்கப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காட்டும்படி படமோ பெயரோ வெளியிடுவதைத் தடுக்கிறது. சட்டத்தை விட்டாலும், நாளைக்கு அதே பிள்ளை அதே ஊர்ப் பள்ளியில் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். பெட்டியைப் படம் எடுங்கள், ரசீதைப் படம் எடுங்கள்.

வரி விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றத்தான் போகிறேன். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் கழிவு கிடைப்பது பணமாகக் கொடுத்ததற்கு, அதுவும் வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புக்குக் கொடுத்தால், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. நம் ஊர் இல்லங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது, பெட்டி பிஸ்கட்டும் பணம் ஆகாது. அதோடு கடைச் சரக்கை விலை வாங்காமல் வெளியே எடுத்தால் அதை எப்படிக் கணக்கில் காட்டுவது என்பதற்குத் தனி விதி இருக்கிறது, சில நேரம் சந்தை விலைக்கே வருமானமாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆகவே கொடுத்த ரசீதுகளை ஃபைல் பண்ணி வருஷக் கடைசியில் கணக்காளரிடம் காட்டுங்கள், அவர் பார்த்துச் சொல்லட்டும். ரொக்கமாகவும் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பணத்தை அங்கீகாரம் உள்ள அமைப்புக்கும், சாமானைப் பலகை இல்லாத வீடுகளுக்கும் பிரித்துவிடுவது புத்திசாலித்தனம்.

மாமாவின் இரும்புக்கடைக்கு வருவோம். அது உங்கள் கடையைவிட நல்ல சரக்கு, யாரும் கேட்பதில்லை என்பதால் தெரிவதில்லை. லயத்து வீடுகளிலும் இல்லங்களிலும் எப்போதும் ஏதாவது ஒழுகிக்கொண்டும் கழன்றுகொண்டும்தான் இருக்கிறது. நிறம் தப்பாகக் கலந்து வாடிக்கையாளர் எடுக்காமல் போன பெயிண்ட், ஓரம் உடைந்த ஒற்றைப் பெட்டி டைல்ஸ், பழைய மாடல் குழாய், அளவு மாறி வந்த கதவுப் பூட்டு, துண்டு துண்டாக மிஞ்சிய தகரம் எல்லாம் உபயோகம்தான். பெயிண்ட் என்றால் மூடியைத் திறந்து ஒரு குச்சியால் கலக்கிப் பாருங்கள், கட்டி கரையவில்லை என்றால் கொடுக்காதீர்கள், அந்த டின்னை அப்புறப்படுத்துவது அவர்களுக்குத் தலைவலி. எண்ணெய்ப் பெயிண்ட் கொடுத்தால் தின்னரும் சேர்த்துக் கொடுங்கள், பிள்ளைகள் இருக்கும் இடமானால் தண்ணீர்ப் பெயிண்ட் போதும். சாமானைவிடக் கைதான் பற்றாக்குறை, அதனால் குழாய் மாட்டத் தெரிந்த ஓர் ஆளை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கூட அனுப்பச் சொல்லுங்கள்.

மின்சாரச் சாமானில் மட்டும் மாமா கை வைக்க வேண்டாம் என்பேன், சிரிம் தரச்சான்று முத்திரை உள்ள, பெட்டி பிரிக்காத புதுச் சரக்காக இருந்தால் தவிர. கடையிலோ தோட்டத்து ஆபிசிலோ கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுப்பது ஒரு மோஸ்தராகவே இருந்தது. ஓடாத கம்ப்யூட்டர் சட்டப்படி எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் வருகிற மின்கழிவு, அதைக் கண்ட இடத்தில் போட முடியாது, உரிமம் உள்ள ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். பள்ளி அதை வாங்கிப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வருஷக்கணக்கில் தூசி தட்டிக்கொண்டிருக்கும். ஓடுகிறதா, எத்தனை வருஷத்துப் பழசு, விண்டோஸ் புதுப்பிக்க முடியுமா என்று பார்த்துவிட்டு, பள்ளியில் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்றால் மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் உரிமம் உள்ள மின்கழிவுக்காரரிடம் எடைக்குப் போட்டு, வருகிற காசில் அந்தப் பள்ளிக்கு நாலு மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிடலாம்.